சத்துணவு படிக்கிற பொண்ணு ஏன் சாப்பிட மாட்டேங்குது?

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். குதிகால், முதுகு, பின்தலை மூன்றும் சுவரில் பட வேண்டும். உயரம் எடுத்தாயிற்று. அடுத்து எடை. அடுத்து இஞ்சு டேப்பால் இடுப்பு. கடைசியாக, மேல்கையின் பின்பக்கத் தோலைக் கிள்ளிப் பிடித்து, அடியில் கொழுப்பு எத்தனை மில்லிமீட்டர் என்று காட்டும் இடுக்கி. ஒருத்தி அளக்கிறாள், ஒருத்தி எண்ணை உரக்கச் சொல்கிறாள், ஒருத்தி ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறாள். பக்கத்து மேசையில் இருப்பவர்களுக்கும் அது கேட்கிறது.

ஊட்டச்சத்துப் படிப்பில் சேரும் எல்லாப் பெண்களும் கடந்துவரும் செய்முறை வகுப்பு இது. திருச்சுழி, நரிக்குடி, ம.ரெட்டியபட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடிகாலைப் பஸ் பிடித்து, அருப்புக்கோட்டையில் இறங்கி, விருதுநகருக்கோ மதுரைக்கோ இன்னொரு பஸ் மாறி வருகிறவளும் அந்தச் சுவரோரம் நிற்கிறாள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. இந்தியர்களுக்கான கணக்கில் 23ஐத் தொட்டால் ‘அதிக எடை’, 25ஐத் தொட்டால் ‘உடல் பருமன்’. ஐந்தடி உயரமுள்ள பெண் 54 கிலோ இருந்தாலே முதல் கோட்டைத் தாண்டிவிடுவாள். அதுவரை தன் உடம்பைப் பற்றிப் பெரிதாக யோசித்திராத ஒருத்திக்கு, தன் பெயருக்கு எதிரே ‘அதிக எடை’ என்று தன் கையெழுத்திலேயே எழுத வேண்டிய கட்டாயம்.

அன்று மத்தியானம் டிபன் பாக்ஸ் தோழியின் பக்கம் நகர்கிறது. “பசிக்கலடி, நீ சாப்பிடு.”

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பெரும்பாலான பெண்கள் சிரித்துவிட்டு அடுத்த வேளைக்குப் பரோட்டா தேடிப் போய்விடுவார்கள். அப்படிப் போக முடியாதவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை.

தராசு வந்த வழி

தமிழ்நாட்டில் ஊட்டச்சத்து அறிவியல் பசியிலிருந்து பிறந்தது. 1918ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு கூடம்தான் பின்னாளில் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவரான சி.கோபாலன் சேலத்துக்காரர். 1957ல் கோவையில் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு இந்தப் படிப்பைக் கற்றுக்கொடுத்தார். விருதுநகர்க்காரரான காமராஜர் 1956ல் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார், 2022ல் காலை உணவும் சேர்ந்தது.

இந்த வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஒரு பொருள் தராசு. 1980ல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மக்கள் உண்ணும் கலோரி மிகக் குறைவாக இருந்த மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மதுரையில் தொடங்கி, அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அப்போது சேர்ந்திருந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் அது வந்தது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் தராசில் வைத்து நிறுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் சத்துணவு. ஏறத் தொடங்கியதும் அது நிற்கும். ஆக, இந்தக் கரிசல் ஊர்களின் மண் திண்ணைகளுக்கு எடைத் தராசு வந்ததே, எடை ஏறாத பிள்ளையைக் கண்டுபிடிக்கத்தான்.

அன்று நிறுக்கப்பட்ட பிள்ளைகளின் மகள்கள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். எடை ஏறவில்லை என்றால் அம்மாவைக் கவலைப்பட வைத்த அதே கருவி, எடை ஏறவில்லை என்றால் மகளை நிம்மதியாகத் தூங்க வைக்கிறது.

“வத்தலாப் போயிட்டியே தாயி”

இந்தப் பக்கத்து வீடுகளில் உடம்பைப் பற்றிய பேச்சு எப்போதும் உண்டு. ஒல்லியாக இருந்தால் ‘நோஞ்சான்’, ‘வத்தல்’. கொஞ்சம் சதை போட்டால் ‘பூசுனாப்ல இருக்கா’ என்பது பாராட்டு. மழை பொய்த்த வருஷங்களில் கூழுக்கே இழுபறியாக இருந்த வீட்டில், சதை என்பது வசதியின் அடையாளம். அப்பத்தாவுக்குப் பேத்தி பூசினாற்போல் இருக்க வேண்டும். பேத்தியின் செல்போனில் வேறு உலகம். பெண் பார்க்க வருகிறவர்கள் எந்த உலகத்திலிருந்து வருவார்கள் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். “பொண்ணு கொஞ்சம் வெயிட்டா இருக்கோ?” என்றும் கேட்பார்கள், “சத்தே இல்லாத மாதிரி இருக்கே” என்றும் கேட்பார்கள்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. குதிரைவாலியும் கம்பும் சோளமும் இந்த மானாவாரி மண்ணின் பயிர்கள். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் என்றிருந்த காலத்தில், குதிரைவாலிச் சோறு இல்லாமையின் அடையாளம். ஐ.நா. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, அதே தானியம் பளபளப்பான பாக்கெட்டில் ‘டயட் உணவு’ ஆகிவிட்டது. அப்பத்தா வேண்டா வெறுப்பாகத் தின்றதைப் பேத்தி தவமாகத் தின்கிறாள். தானியத்தின் மேல் குற்றமில்லை. வெள்ளைச் சோறு ‘கெட்டது’, எண்ணெய் ‘விஷம்’, சீனி ‘பாவம்’ என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து இறங்கி, கடைசியில் இரண்டு மூன்று பொருள் மட்டும் மிஞ்சும்போதுதான் விஷயம் கை மீறுகிறது. ஆரோக்கிய உணவு என்ற எண்ணமே வெறியாக மாறுவதற்கு, 1997ல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் ‘ஆர்த்தோரெக்சியா’ என்று பெயர் வைத்தார். மனநோய்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் அது இன்னும் தனி நோயாக ஏறவில்லை. ஆனால் ஊட்டச்சத்து மாணவிகளைப் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் அந்தப் பெயர் வந்து நிற்கிறது.

படிப்பு கெடுக்கிறதா, கெட்டுப்போனவர்கள் படிக்க வருகிறார்களா?

உலகெங்கும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் 283 பெண் உணவியல் வல்லுநர்களிடம் நடத்தி 2006ல் வெளியான ஆய்வில் 12.8 சதவீதம் பேருக்கு ஆர்த்தோரெக்சியா தெரிந்தது; இன்னும் 34.9 சதவீதம் பேரிடம் அதன் சாயல். ஜெர்மனியில் 2010ல் வெளியான ஆய்வு கொஞ்சம் ஆறுதல் தருகிறது: ஊட்டச்சத்து மாணவர்கள் மற்ற மாணவர்களைவிடச் சாப்பாட்டில் கட்டுப்பாடு காட்டினாலும், படிப்பின் மேல்வகுப்புகளுக்குப் போகப் போக அந்த வெறி குறையவே செய்கிறது. அரைகுறை அறிவு பயமுறுத்துகிறது, முழு அறிவு விடுவிக்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படி எடுத்துக்கொள்ளத்தான் ஆசை.

ஆனால் மின்னசோட்டா சோதனையைப் படித்தவர்களுக்குக் கேள்வி வேறு பக்கம் திரும்பும். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944 நவம்பரில் தொடங்கிய சோதனையில், அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். பட்டினியில் தவிக்கும் ஐரோப்பாவை மீட்கும் வழி தெரிய வேண்டும் என்பது நோக்கம். அந்த இளைஞர்கள் உடல் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தார்கள். எடை இறங்கியதைவிட விசித்திரம், அவர்கள் மனசு போன போக்கு. அதுவரை அடுப்படிப் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களைக் கதைப்புத்தகம்போலப் படித்தார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். ஒரு தட்டுச் சோற்றை மணிக்கணக்கில் பிசைந்து பிசைந்து தின்றார்கள். சோதனை முடிந்தபின் சிலர் சமையல்காரர்களாகவே ஆனார்கள்.

பட்டினி கிடக்கும் மூளைக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு ஓடாது. பதினாறு, பதினேழு வயதில் ரகசியமாகச் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கிய ஒரு பெண்ணுக்கு, பிளஸ் டூ முடிந்ததும் எந்தப் படிப்பு பிடிக்கும்? கலோரி அட்டவணை உள்ள படிப்புதான். வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அவள் எடை போட்டுச் சாப்பிட்டால் ‘ப்ராக்டிகலுக்காக’ என்பார்கள். நோய்க்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடைக்காது. எண்களைப் பார்த்துப் பயந்து நோயில் விழுகிறவளும், நோயோடு எண்களைத் தேடி வருகிறவளும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், அளக்கும் முறையிலேயே இருக்கிறது. உணவுக் கோளாறைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் 26 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அதில், நீங்கள் சாப்பிடும் உணவில் எத்தனை கலோரி என்ற நினைப்பு உங்களுக்கு உண்டா என்று ஒரு கேள்வி. ஊட்டச்சத்து மாணவி ‘எப்போதும்’ என்றுதான் எழுத முடியும். இல்லையென்றால் பரீட்சையில் தேற மாட்டாள். ஆகவே இந்த மாணவிகளில் பாதிப்பேருக்கு நோய் என்ற மாதிரிச் செய்தி எங்காவது வந்தால், எந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

▪ பெட்டிச் செய்தி: ஐந்தே கேள்வி

உணவுக் கோளாறைக் கண்டறிய 1999ல் லண்டன் மருத்துவர்கள் உருவாக்கிய எளிய சோதனை இது. இரண்டோ அதற்கு மேலோ ‘ஆமாம்’ என்றால் மருத்துவரிடம் பேச வேண்டும். இதை வைத்து நோய் உறுதி என்று சொல்லிவிட முடியாது. சந்தேகம் எழ இது போதும்.

வயிறு நிறைந்துவிட்டது என்று சங்கடப்பட்டு நீங்களே வாந்தி எடுக்கிறீர்களா? எவ்வளவு சாப்பிடுகிறோம் என்ற கட்டுப்பாடு கைவிட்டுப் போய்விட்டதாகக் கவலைப்படுகிறீர்களா? மூன்று மாதத்துக்குள் ஆறு கிலோவுக்கு மேல் இறங்கியிருக்கிறதா? மற்றவர்கள் ஒல்லி என்று சொல்லும்போதும் குண்டாக இருப்பதாக நம்புகிறீர்களா? உங்கள் வாழ்க்கையைச் சாப்பாடுதான் ஆட்டிவைக்கிறது என்று சொல்வீர்களா?

“அதெல்லாம் வெள்ளைக்காரன் சீக்கு”

இப்படிச் சொல்லிவிடுவது சுலபம். பிரச்சினை நம் பக்கம் இருப்பது முப்பது வருஷமாக ஏட்டில் இருக்கிறது. சென்னை மனநல மருத்துவர்கள் டி.என்.சீனிவாசன், டி.ஆர்.சுரேஷ் குழுவினர் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து 1995ல் எழுதினார்கள். அதில் 31 பேரிடம், அதாவது 14.8 சதவீதம் பேரிடம், சாப்பாடு பற்றிய மனவேதனை இருந்தது. முழு நோய் அளவுக்கு யாருக்கும் முற்றியிருக்கவில்லை. அவர்களும் உடம்பைப் படிக்கிற மாணவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பிரிவிலிருந்து 2007ல் வந்த ஆய்வு இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. உணவுக் கோளாறோடு வந்த பிள்ளைகளில் 85.4 சதவீதம் பேருக்கு மனம் சார்ந்த வாந்தி. குண்டாகிவிடுவோம் என்று பயந்து பட்டினி கிடக்கும், புத்தகத்தில் வரும் ‘அனரெக்சியா’ 14.6 சதவீதம்தான். நம் பிள்ளைகள் “நான் குண்டாயிட்டேன்” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “வயிறு மந்தமா இருக்கு”, “நெஞ்சுல நிக்குது”, “சாப்பிட்டா குமட்டுது” என்று வருகிறார்கள். குடும்பம் பூச்சி மருந்து கொடுக்கும், ஓமத்தண்ணி கொடுக்கும், கண்ணேறு கழிக்கும், ஸ்கேன் எடுக்கும். மனநல மருத்துவரிடம் வந்து சேருவது கடைசியில்.

விரதம் இன்னொரு நல்ல மறைவிடம். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி, மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியபின் பொங்கல் வரை. ஊரே விரதம் இருக்கும்போது ஒருத்தி கூடுதலாக இரண்டு நாள் இருந்தால் யார் கேட்பார்கள்? பக்தி என்று பாராட்டுவார்கள். விரதத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விரதம் முடிந்ததும் பசியோடு இலையில் உட்காருகிறாளா, அடுத்த விரதத்தைத் தேடுகிறாளா என்று அம்மா பார்த்தால் போதும். திருச்சுழியில் 1879ல் பிறந்த ரமண மகரிஷி, உடம்பே நான் என்ற எண்ணத்தை விட்டொழித்தவர். அவர்கூட நியமங்களில் சிறந்ததாகச் சொன்னது அளவான, சாத்விகமான உணவைத்தான். பட்டினியை அந்த இடத்தில் அவர் வைக்கவில்லை.

உடம்பு கொடுக்கும் விலை

முதலில் நிற்பது மாதவிடாய். உள்ளே வரும் சக்தி போதவில்லை என்று தெரிந்ததும், மூளை இனப்பெருக்கத்துக்கான ஹார்மோன்களை அடக்கிவிடுகிறது. “டென்ஷன்ல தள்ளிப்போகுது” என்று நினைப்பார்கள், அல்லது பி.சி.ஓ.டி. என்று தாமே முடிவு செய்துகொண்டு இன்னும் சாப்பாட்டைக் குறைப்பார்கள். இரண்டாவது எலும்பு. எலும்பு தன் உச்ச பலத்தைச் சேர்த்துவைப்பது இருபதுகளின் பாதிக்குள்தான். கல்லூரி மூன்று வருஷமும் பட்டினியில் போனால் அந்தச் சேமிப்பு திரும்ப வராது. வாந்தி எடுக்கும் பழக்கம் இருந்தால் முன்பல்லின் உட்பக்கம் எனாமல் அரிக்கும். விரல் மடக்குகளில் காய்ப்பு விழும். 1979ல் இப்படி வாந்தி எடுக்கும் நோயை விவரித்த ஜெரால்டு ரசல் பெயரால்தான் மருத்துவர்கள் அந்தக் காய்ப்பைச் சொல்கிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும். மயங்கி விழும் பெண்ணை “வெயில்ல நின்னுட்டா” என்று இந்த ஊர்களில் சுலபமாகச் சொல்லிவிடலாம். வெயிலுக்கா இங்கே பஞ்சம்?

மனநோய்களில் அதிகம் உயிர் குடிப்பவற்றில் அனரெக்சியாவும் ஒன்று. 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி இறந்தாள். மாதக்கணக்காக இணையத்தில் பார்த்த டயட்டைப் பின்பற்றி, வீட்டில் கொடுத்த சாப்பாட்டை ஒளித்துவைத்து, வெந்நீரில் நாளை ஓட்டியிருக்கிறாள். அதே ஆண்டு ஜூலையில் குளச்சல் பக்கம் 17 வயதுப் பையன் ஒருவன், மூன்று மாதமாகப் பழச்சாறு மட்டுமே குடித்து உயிரை விட்டான். பொறியியல் கல்லூரியில் சேரக் காத்திருந்தவன். இவர்கள் ஊட்டச்சத்து மாணவர்கள் இல்லை. ஆனால் இந்த இருவரைப் போன்றவர்களை முதலில் அடையாளம் காண வேண்டியது யார் என்று கேட்டால், ஊட்டச்சத்து படித்தவர்களைத்தான் கை காட்டுவோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை, குறிப்பாக அப்பத்தாக்களுக்கும் அம்மாச்சிகளுக்கும். பல வாரம் பட்டினி கிடந்த பெண்ணை உட்காரவைத்து நெய்யும் கறியும் சோறுமாகத் திணித்துவிடக் கூடாது. திடீரென்று மாவுச்சத்து நிறைய உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். உலகப் போரில் பட்டினி முகாம்களிலிருந்து மீண்டவர்களிடம் மருத்துவர்கள் இதைக் கண்டார்கள். மருத்துவர் கண்காணிப்பில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

▪ பெட்டிச் செய்தி: தமிழ்நாட்டுப் பெண்களும் எடையும்

தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) கணக்குப்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 12.6 சதவீதம் பேர் இருக்க வேண்டிய எடைக்கும் கீழே. 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன். 2015-16ல் இது 30.9 ஆக இருந்தது.

நாளைய டயட்டீஷியன்

அந்த மூன்று எண்ணையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பாதிப்பேருக்கு மேல் ரத்தம் குறைவு, எட்டில் ஒருத்தி எடை குறைவு, ஐந்தில் இரண்டு பேர் எடை கூடுதல். ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே. இவர்களுக்கு ஆலோசனை சொல்லத்தான் இந்தப் பெண்கள் படிக்கிறார்கள். பருமனைப் பற்றிய பயம் பொய்யில்லை. சர்க்கரை நோய் இந்த ஊர்களிலும் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

ஆனால் சோற்றைக் கண்டால் நடுங்குகிற ஒருத்தி, கர்ப்பிணிக்கு என்ன சொல்வாள்? மில் ஷிப்டு முடிந்து, நின்று நின்று கால் வீங்கி வரும் பெண்ணுக்கு எந்தத் தட்டை வரைந்து காட்டுவாள்? தன்னை ஏமாற்றிக்கொள்ளும் நோயாளியை அவளால் கண்டுபிடிக்க முடியும், ஏனென்றால் அந்தத் தந்திரங்கள் அவளுக்கும் தெரியும். கண்டுபிடித்தபின் கண்டிப்பாளா, கற்றுக்கொள்வாளா என்பதுதான் பயம். நோயிலிருந்து மீண்ட பெண்களோ இந்தத் தொழிலில் மிகச் சிறந்தவர்களாக ஆக முடியும் என்று நம்புகிறேன். பசியின் இரண்டு பக்கமும் பார்த்தவர்கள் அவர்கள்.

தொழிலும் அவர்களைச் சும்மா விடுவதில்லை. டயட்டீஷியன் என்றால் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் எதிர்பார்க்கிறோம். கொஞ்சம் பருமனான பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், “இவங்களுக்கே இப்படி, நமக்கு என்னத்தச் சொல்லப் போறாங்க” என்று கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். பல் சொத்தையான பல் டாக்டரிடம்கூட நாம் இவ்வளவு கறாராக இருப்பதில்லை.

என்ன செய்யலாம்?

கல்லூரிகள் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. செய்முறை வகுப்பில் மாணவியின் சொந்த எடையை உரக்கச் சொல்வதை நிறுத்துங்கள். அளக்கும் முறையைக் கற்றுக்கொடுக்க, பெயர் இல்லாத பழைய எண்களே போதும். தன்னைத்தான் அளக்க வேண்டும் என்றால், அந்த எண் அவளுக்கும் ஆசிரியைக்கும் மட்டும் தெரியட்டும். முந்தைய நாள் தின்றதையெல்லாம் எழுதச் சொல்லும் பயிற்சியில், தொடர்ந்து 800, 900 கலோரி என்று ஒரு நோட்டு வந்தால், மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுக்காமல் அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு விசாரியுங்கள். ரெக்கார்டு நோட்டைவிடத் தெளிவான அறிகுறி வேறு எந்தத் துறை ஆசிரியைக்கும் கிடைக்காது.

பெரிய வேலை ஒன்றும் இருக்கிறது. 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உணவியல் வல்லுநர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. இனிப் பாடத்திட்டத்தில் உணவுக் கோளாறுகள் ஓர் அலகாக மட்டும் இல்லாமல், மாணவிகள் தங்களைப் பற்றிப் பேசும் இடமாகவும் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவர் வருஷத்துக்கு இரண்டு முறையாவது வகுப்புக்கு வரட்டும். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆளுக்காக மதுரை வரை அலைய வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்வதற்குக் கொஞ்சம்தான். மகள் லீவுக்கு வரும்போது வாசலிலேயே “இளைச்சுட்ட”, “பெருத்துட்ட” என்று தொடங்காதீர்கள். அந்த முதல் வாக்கியத்தைத் தின்றுகொண்டுதான் அவள் ஹாஸ்டலுக்குத் திரும்புவாள். மாதவிடாய் மூன்று மாதம் தள்ளிப்போனால், சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்குள் போய் நேரமாகியும் வராமல் இருந்தால், வெயில் காலத்திலும் குளிர்கிறது என்று சொன்னால், முழங்கைக்கு மேல் பூனைமுடி அடர்ந்து வந்தால், கண்டிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. தமிழக அரசின் 104லும் மனநல ஆலோசனை கிடைக்கும்.